உஷ்ணத்துக்கு ஒரு வழி

மதுரையில் சித்திரை மாதம் பிறந்துவிட்டால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, வைகையில் கள்ளழகர் எழுந்தருளும் காட்சியைக் காணத் திரளும் ஜனசமுத்திரம். மற்றொன்று, அந்த ஜனசமுத்திரத்தின் தலைமேல் காயும் வெயில். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் ஜீவன்களுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. அதை வாயில்லா ஜீவன் என்று கூற நாம் துணியமாட்டோம். அதன் வாயின் வலிமையைக் கோரிப்பாளையம் சந்திப்பில் ஐந்து நிமிஷம் நின்றவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆயினும் தன் உடம்பு கொதிக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல மட்டும் அதற்கு வாய் இல்லை. அந்தச் செய்தியை எஜமானரின் முழங்கால்தான் அவருக்கு அறிவிக்கிறது.

கோடை விடுமுறை விட்டதும் நமது பக்கத்துக் குடும்பங்கள் பல, மோட்டார் சைக்கிளிலேயே கொடைக்கானலுக்கும் இராமேசுவரத்துக்கும் குற்றாலத்துக்கும் புறப்பட்டுவிடுகின்றன. தகப்பனார் முன்னே, தாயார் பின்னே, நடுவில் ஒரு குழந்தை, பெட்ரோல் டாங்கின்மேல் இன்னொரு குழந்தை என்ற காட்சியைக் காணாத சாலை நம் நாட்டில் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பின் ஒருவர்தான் அமரலாம் என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகிறது. வழக்கமோ வேறு விதமாக இருக்கிறது. இத்தகைய பிரயாணத்தில் உஷ்ணத்தினால் வரும் ஆபத்து இரண்டு வகை. எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொண்டு, நிழலும் நீரும் இல்லாத கருவேலங்காட்டு ஓரத்தில் குடும்பம் முழுவதும் நிற்க நேரிடலாம். அல்லது சைலென்ஸரில் ஒரு பிஞ்சுக் கால் பட்டு, வாழ்நாள் முழுவதும் வடு நிற்கலாம்.

இவற்றைத் தவிர்ப்பதாகச் சொல்லிக் கடைகளில் விற்கும் பண்டங்கள் அநேகம். குழாயின்மேல் சுற்றும் பட்டை உண்டு, பூச்சு உண்டு, தகடு உண்டு, விசேஷ எண்ணெய் உண்டு. எதை வாங்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் முன், உஷ்ணம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று அறிந்துகொள்வது நல்லது. அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நேயர்கள் அஞ்ச வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

பதினோரு அடுப்புகள்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி அடங்கியிருக்கிறது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 1.7 லிட்டர் பெட்ரோலை அருந்துகிறது. அந்தச் சக்தியை விநாடிக்கு வகுத்துப் பார்த்தால் 15 கிலோவாட் வருகிறது. அதாவது, நம் வீட்டில் உபயோகிக்கும் 1,000 வாட் மின்சார அடுப்புகள் பதினைந்து ஒரே சமயத்தில் எரிவதற்குச் சமானம்.

இந்தப் பதினைந்தில் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் பயன்படுவது சுமார் கால் பங்குதான்; ஏறக்குறைய நாலு அடுப்பு. மிச்சம் பதினோரு அடுப்பும் வெறும் உஷ்ணமாகவே வெளியேறியாக வேண்டும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி புகையோடு சைலென்ஸர் வழியே போகிறது. மறு பாதி, சிலிண்டர் சுவரின் வழியாகவும் எண்ணெயின் வழியாகவும் காற்றில் கலக்கிறது. இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஐந்தாறு அடுப்புகளை மூட்டிக்கொண்டு, அவற்றின்மேல் குழந்தையையும் உட்கார வைத்துக்கொண்டு போவதுதான் மோட்டார் சைக்கிள் பிரயாணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எந்தப் பூச்சாலும் எந்தப் பட்டையாலும் அந்தப் பதினோரு அடுப்பைப் பத்தாக்க இயலாது. பெட்ரோல் எரிந்தால் அந்த உஷ்ணம் பிறந்தே தீரும். பிறந்த உஷ்ணத்துக்கு நாம் செய்யக்கூடியது, அது யாரையும் சுடாமல் வெளியேற நல்ல வழியாகப் பார்த்து விடுவதுதான். கடைக்காரர் எதைக் காட்டினாலும், "இது உஷ்ணத்துக்கு வழி விடுகிறதா, வழியை அடைக்கிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், பாதிப் பண்டங்கள் பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும்.

குற்றவாளி வெயில்தானா?

"மதுரை வெயிலுக்கு எந்த எஞ்சின்தான் தாங்கும்?" என்று அலுத்துக்கொள்ளாதவர் இல்லை. வெயிலின்மேல் சாட்டப்படும் இந்தக் குற்றத்தைச் சற்று விசாரிப்போம்.

காற்றால் குளிரும் எஞ்சினின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள் இருப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மெக்கானிக்குகள் அவற்றை ஃபின் என்பார்கள். ஓடும் வண்டியில் இந்தத் தகடுகளின் உஷ்ணம் 180 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து காற்றுக்குச் செல்லும் உஷ்ணம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மார்கழியில் காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 150. கத்திரியில் காற்று 42 டிகிரி என்றால் வித்தியாசம் 138. ஆகவே வெயிலால் ஏற்படும் நஷ்டம் நூற்றுக்கு எட்டுத்தான்! தண்ணீரால் குளிரும் எஞ்சினில் இந்த நஷ்டம் சற்று அதிகம். ரேடியேட்டருக்குள் ஓடும் நீர் 90 டிகிரி என்றால், வித்தியாசம் 60-லிருந்து 48-ஆகக் குறைகிறது. நஷ்டம் நூற்றுக்கு இருபது. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் அதற்கு ஒரு விசிறியை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் உண்மையான குற்றவாளி யார்? காற்று நின்றுபோவதுதான். தகடுகளைத் தழுவிக்கொண்டு ஓடும் காற்று இருக்கும்வரை எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். மாசி வீதிகளில் தேரோட்டத்தன்று முதல் கியரில் நகரும்போதும், ரயில்வே கேட்டில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கும்போதும், காற்றால் குளிரும் வண்டி மூச்சுத் திணறுகிறது. மலைப்பாதையிலும் இதே கதைதான். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை சமவெளியில் சுகமாக வந்த வண்டி, அதற்கப்பால் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு ஏறியாக வேண்டும். எஞ்சினுக்கு வேலை அதிகம். வண்டிக்கு வேகம் குறைவு. தகடுகளுக்குக் காற்றும் குறைவு. மலைக்காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே என்று எண்ணி ஏமாறலாகாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "வேகமாகப் போனால் காற்று அதிகம் படும், எஞ்சின் குளிரும்" என்று சிலர் நான்குவழிச் சாலையில் பறக்கிறார்கள். காற்றின் எதிர்ப்பை வெல்லுவதற்கு வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 60-லிருந்து 90-க்கு வேகத்தைக் கூட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு. அதற்கு வேண்டிய சக்தியோ மூன்று மடங்குக்கு மேல். தகடுகளைக் குளிர்விக்கும் திறனோ ஒன்றரை மடங்குகூட ஏறுவதில்லை. வரவு எட்டணா, செலவு ஒன்றரை ரூபாய் என்றால் குடும்பம் நடக்குமா? விருதுநகர்ச் சாலையிலோ மானாமதுரைச் சாலையிலோ சுமையோடு போகும் வண்டிக்கு, 60-க்கும் 70-க்கும் இடைப்பட்ட ஒரே சீரான வேகமே உஷ்ணத்துக்கு உகந்தது. ஆமை வேகமும் ஆகாது. அசுர வேகமும் ஆகாது.

சீமை எஞ்சினும் நமது சாலையும்

நமது பக்கத்தில் நெடும்பிரயாணம் என்றதும் ஜனங்களின் நினைவுக்கு முதலில் வருவது 'புல்லட்' வண்டி. அந்தப் பெயர் 1932-இல் இங்கிலாந்தில் பிறந்தது. ராயல் என்ஃபீல்டு ஸ்தாபனத்தின் தொழிற்சாலை இருந்த ரெட்டிச் நகரில், நடுக்கோடையிலும் பகல் உஷ்ணம் சாதாரணமாக இருபது, இருபத்திரண்டு டிகிரியைச் சுற்றியே நிற்கும். அத்தகைய சீதோஷ்ணத்தில் உருவான எஞ்சின், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட கூட்டுறவின் பயனாகச் சென்னை திருவொற்றியூரில் குடியேறியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. சில வருஷங்களுக்குள் பாகங்கள் அனைத்தையும் இங்கேயே செய்யும் திறமை ஏற்பட்டது. ரெட்டிச்சில் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது என்பது நமது தொழிலாளரின் பெருமைக்குரிய செய்தி.

பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பினால் ஆனது. உஷ்ணத்தைக் கடத்துவதில் அலுமினியக் கலவைக்கு உள்ள திறமையில் வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உண்டு. ஆகவே உள்ளே பிறந்த உஷ்ணம் தகட்டின் நுனிக்கு வந்து சேரத் தாமதமாகும். நமது மெக்கானிக்குகள் அந்த எஞ்சினின் குணத்தை நன்கு அறிந்திருந்தார்கள். புது பிஸ்டன் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெல்ல ஓட்ட வேண்டும், மணிக்கொரு தரம் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று அவர்கள் விதித்த பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டி விதிக்கும் பத்தியத்துக்குக் குறைந்ததன்று. 2009-க்குப் பிறகு அலுமினிய எஞ்சின்கள் முழுமையாக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அதன் பின்னர் வந்த மாறுதல்கள் யாவும் உஷ்ணத்துக்கு வழி தேடிய வரலாறே. 2016-இல் வெளிவந்த 'ஹிமாலயன்' வண்டியில், எண்ணெயைக் குளிர்விக்கும் ஒரு சிறு ரேடியேட்டர் இடம்பெற்றது. 2018-இல் வந்த 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும் காற்றோடு எண்ணெயும் குளிர்ச்சிக்குத் துணை செய்கிறது. 2023-இல் வந்த புதிய ஹிமாலயனில் முதல் முறையாகத் தண்ணீரால் குளிரும் எஞ்சினை அந்த ஸ்தாபனம் அமைத்தது.

இந்த வரலாற்றில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலிலிருந்துதான் டி.வி.எஸ். ஸ்தாபனங்கள் கிளைத்தன. அவற்றுள் ஒன்றான சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடிகள் செய்து அனுப்பத் தொடங்கியது. வெளிநாட்டு எஞ்சினின் கொதிப்பை நமது நாட்டு மூடி அடக்கியது! மற்றொரு கிளையான டி.வி.எஸ். மோட்டார், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வுடன் கூடி ஓசூரில் செய்யும் 310 சிசி எஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. காற்று முன்புறம் நுழைகிறது. புகை பின்புறம் வெளியேறுகிறது. கொதிக்கும் புகைக்குழாய் எஞ்சினுக்கு முன்னால் வளைந்து வரும் பழைய ஏற்பாட்டை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உஷ்ணத்தின் வழியை மாற்ற வேண்டுமானால் அதை எஞ்சின் வரையும் மேஜையிலேயே மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

புது வண்டி ஏன் அதிகம் சுடுகிறது?

"பழைய வண்டி இவ்வளவு சுட்டதில்லையே!" என்று புது வண்டி வாங்கியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி அமலில் இருக்கிறது. பழைய எஞ்சின்கள் தேவைக்குச் சற்று அதிகமாகவே பெட்ரோலைக் குடித்தன. எரியாத அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகும்போது எஞ்சினைக் கொஞ்சம் குளிர்வித்தது. வெளியே வந்து நம் நுரையீரலைக் கெடுத்தது. இன்றைய வண்டி பெட்ரோலை அளந்து எரிக்கிறது. மேலும், மிச்ச நஞ்சை மாற்றுவதற்காகப் புகைக்குழாயில் ஒரு வினையூக்கிக் கூடு இருக்கிறது. அது சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகையால் அதை எஞ்சினுக்கு அருகிலேயே வைக்கிறார்கள். அந்தச் சூட்டைக் கால் உணருகிறது. அதைக் கழற்றி எறிந்தால் வண்டி குளிரும் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்கலாகாது. அது சட்டத்துக்கும் விரோதம். தெருவில் நடக்கும் குழந்தைகளின் மூச்சுக்கும் விரோதம்.

கார்ப்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்காரர்களுக்கு வேறு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்ரோலில் எத்தனாலை நூற்றுக்கு இருபது பங்கு கலக்கும் இலக்கை நமது நாடு 2025-இல் எட்டியது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய பெட்ரோலுக்கு ஏற்றவாறு திருகி வைத்த கார்ப்புரேட்டர், இப்போது காற்றை அதிகமாகவும் எரிபொருளைக் குறைவாகவும் தருகிறது. சற்றுக் கொழுத்த கலவையில் ஓடிப் பழகிய எஞ்சினுக்குக் கலவை இளைத்தால் சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். அதன் நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் கலவை இளைத்திருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டி ஜெட்டை மாற்ற வேண்டும். சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சிகிச்சையை விட்டு, ஆயிரக்கணக்கில் பூச்சு வாங்குவதில் பயன் இல்லை.

இரண்டு நோய், இரண்டு மருந்து

இங்கே நேயர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஞ்சின் சூடாவது வேறு. கால் சுடுவது வேறு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விஷமாகலாம்.

புகைக்குழாய்மேல் சுற்றும் கண்ணாடி நார்ப் பட்டையை எடுத்துக்கொள்வோம். அது காலுக்குப் படும் சூட்டைக் குறைக்கிறது என்பது மெய். எவ்வாறு? உஷ்ணத்தைக் குழாய்க்குள்ளேயே அடைத்து வைத்து. அதனால் குழாயின் உலோகம் முன்னிலும் அதிகமாகக் காய்கிறது. மழையில் நனைந்தாலோ பட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சாதாரண இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். வெளியே அழகாகச் சுற்றியிருப்பதால் துரு கண்ணுக்கும் தெரியாது.

இதைவிட நல்லது, குழாய்க்கும் காலுக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோகத் தகட்டை, குழாயைத் தொடாமல், விரல் கனம் இடைவெளி விட்டுப் பொருத்துவது. பளபளப்பான தகடு கதிர் உஷ்ணத்தைத் திருப்பி அனுப்புகிறது. இடைவெளியில் காற்று ஓடுவதால் குழாயும் குளிருகிறது. வண்டியோடு வந்த தகடு உடைந்தால் பலர் அதை மாற்றாமலே ஓட்டுகிறார்கள். அதைத் திரும்பப் பொருத்துவதே முதல் செலவாக இருக்கட்டும்.

முன்னால் பெரிய கால் காப்பைக் கட்டி, அதன்மேல் ரெக்ஸின் துணியைச் சுற்றி, இரு பக்கமும் பைகளைத் தொங்கவிடும் வழக்கமும் எஞ்சினுக்கு இடையூறு. காலில் அனல் படாமல் அது மறைக்கலாம். தகடுகளுக்குப் போகும் காற்றையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. மூட்டை முடிச்சுகளின் இடம் எஞ்சினுக்கு முன்னால் அன்று, பின்னால்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்கினால், பெரும்பாலான உஷ்ணத் தொல்லைகளைச் செலவில்லாமலே தவிர்க்கலாம்.

முதலில் தகடுகளைப் பார்க்க வேண்டும். நமது பக்கத்துச் செம்மண் சேறும் சாலையில் காயும் வைக்கோல் தூசியும் எண்ணெயோடு கலந்து தகடுகளுக்கு இடையே அப்பிக்கொள்ளும். அந்தச் சேறு எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போல. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் நனைத்த தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீரை ஊற்றலாகாது. காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் கல் வெடிப்பது போல, உலோகமும் விரிசல் விடக்கூடும்.

இரண்டாவது எண்ணெய். எண்ணெய் தேய்மானத்தைத் தடுப்பதோடு உஷ்ணத்தையும் சுமந்து செல்கிறது. அளவு குறைந்தால் சுமக்க ஆளில்லாமல் போகிறது. வண்டியின் கைப்புத்தகத்தில் சொல்லியுள்ள ரகத்தையே, சொல்லியுள்ள அளவுக்கு விட வேண்டும். நெடும்பிரயாணத்துக்கு முன் எண்ணெய் மாற்றும் தவணை நெருங்கியிருந்தால், அதைப் புறப்படும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது, வண்டி வீணாக இழுபடுகிறதா என்பது. காற்றுக் குறைந்த டயர், இறுகிய செயின், உரசிக்கொண்டே ஓடும் பிரேக் ஆகிய மூன்றும் எஞ்சினுக்கு அதிக வேலை வைக்கின்றன. நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது, ரேடியேட்டர் உள்ள வண்டியாயின் கூலன்ட் திரவத்தின் அளவு. நமது பக்கத்துக் கிணற்று நீரில் உப்பு அதிகம்; சோறு வடிக்கும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படியும். அதற்கென்று விற்கும் திரவத்தையோ, அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த நீரையோதான் விட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. மூடியின் அழுத்தத்தால்தான் உள்ளேயுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்தில் பாயும்.

சாலையில் கடைப்பிடிக்க வேண்டியவை இரண்டே. அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மலையில் ஏறும்போது பெரிய கியரில் திணறவிடாமல் சிறிய கியருக்கு மாறிக்கொண்டு, மணிக்கொரு தரமாவது நிழலில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். மணம் மாறினாலோ, கடகடவென்று புதுச் சத்தம் கேட்டாலோ, இழுப்பு குறைந்தாலோ, "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்ற எண்ணத்தை உடனே கைவிட வேண்டும். அந்த அடுத்த ஊருக்குப் போகும் வழியில்தான் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மனிதருக்கும் உஷ்ணம் உண்டு

எஞ்சினைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், அதன்மேல் உட்காருகிறவரை மறக்கலாகாது. நமது தோலின் உஷ்ணம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது, எதிர்க்காற்று உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதிலாகக் காய்ச்சுகிறது. வியர்வை ஆவியாவதால் மட்டுமே குளிர்ச்சி உண்டாகிறது. ஆகவே கத்திரி வெயிலில் கையையும் காலையும் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவது அறியாமை. தளர்ந்த, முழுக்கை உள்ள பருத்திச் சட்டையும், கணுக்காலை மறைக்கும் செருப்பும், கழுத்தில் நனைத்த துண்டும் வேண்டும். ஹெல்மெட்டைச் சூட்டைச் சாக்கிட்டுக் கழற்றுவது கூடாது. குடிக்கத் தண்ணீரும் நீர்மோரும் உத்தமம். மதுரை ஜிகர்தண்டா நாவைக் குளிர்விப்பதில் இணையற்றது என்பதை நாம் மறுக்கவில்லை. தாகத்துக்கு மட்டும் தண்ணீரையே நம்ப வேண்டும். எல்லாவற்றினும் மேலான உபாயம், விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் போய்ச் சேருவது. மதுரையிலிருந்து கொடைக்கானலோ இராமேசுவரமோ அந்த நேரத்துக்குள் எட்டக்கூடிய தூரந்தான்.

கடைசியாகக் குழந்தைகள். 70 டிகிரி சூடுள்ள உலோகத்தில் ஒரு விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும். எஞ்சினை நிறுத்திய பிறகும் வெகு நேரம் சைலென்ஸர் அதற்கு மேற்பட்ட சூட்டிலேயே இருக்கும். நமது வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சைலென்ஸர் வலப் பக்கம் இருக்கிறது. ஆகவே ஏறுவதும் இறங்குவதும் இடப் பக்கமே என்று குழந்தைகளுக்குப் பழக்கிவிட வேண்டும். இரு பக்கமும் சைலென்ஸர் உள்ள வண்டியாயின், பெரியவர் ஒருவர் தூக்கித்தான் இறக்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போது, சைலென்ஸர் சுவர்ப் பக்கமாக இருக்கும்படி நிறுத்தினால் தெருவில் விளையாடும் அயல் வீட்டுக் குழந்தைகளும் தப்புவார்கள்.

மீறிச் சுட்டுவிட்டால், மசி, பற்பசை, நெய், எண்ணெய் ஆகிய ஒன்றையும் தடவலாகாது. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வைக்கலாகாது. கொப்புளத்தை உடைக்கலாகாது. சுத்தமான துணியால் மெல்ல மூடி, டாக்டரிடம் காட்ட வேண்டும். எஞ்சினுக்குச் சொன்ன விதிதான் இங்கும்: தோலுக்குள் தங்கிய உஷ்ணம் வெளியேற நீர் வழி செய்கிறது, எண்ணெய்ப் பூச்சு வழியை அடைக்கிறது.

கடைக்குப் போகும் முன் நேயர்கள் தங்கள் வண்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்க்கட்டும். தகடுகள் சுத்தமா, எண்ணெய் சரியா, காப்புத் தகடு இடத்தில் இருக்கிறதா, காற்று வரும் வழியில் மூட்டை ஏதேனும் தொங்குகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்தால், மடியிலுள்ள பணம் மடியிலேயே இருக்கலாம். அதில் ஒரு பகுதியைப் போகிற வழியில் குழந்தைகளுக்கு நுங்கு வாங்கிக் கொடுப்பதில் செலவிடும்படி சிபாரிசு செய்கிறோம்.